மணவறைச் சுவருக்குள் கணித வகுப்பு

கணிதம் படிப்பிக்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு கதை ஊரில் உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, என் விஷயத்தில் அது சுத்தப் பொய். பின்வரிசை வாங்கில் ஒருவன் கொட்டாவி விட்டாலே வெண்கட்டியை எறிகிற ஆள் நான். புதுக்குடியிருப்பில் நான் படிப்பித்த ரியூசன் கொட்டிலுக்கு ரெஜிபோம் அடித்த கதையும் என்னுடைய அந்த அவசரக் குணத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே பழியைத் தூக்கி வேறு யார் தலையிலும் போட எனக்கு வழியில்லை.

கொட்டில் என்றால் உண்மையிலேயே கொட்டில்தான். கிடுகுக் கூரை, இடுப்பளவுக்கு மண்சுவர், அதற்கு மேலே நாலு பக்கமும் திறந்த வெளி. மழை பெய்தால் சாரல் கொப்பிகளை நனைக்கும். வெயில் எறித்தால் பரந்தன் வீதியில் போகிற ஒவ்வொரு வாகனமும் எங்களுக்கென்று ஒரு பங்கு செம்மண் தூசியை விட்டுவிட்டுப் போகும். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது பக்கத்துக் காணியில் இருந்த அரைக்கிற மில். நான் காலை எட்டு மணிக்கு வகுப்பைத் தொடங்க, மில்காரர் எஞ்சினைத் தொடங்குவார். மா இடித்தால் சத்தம் மட்டும். செத்தல் மிளகாய் அரைத்தால் சத்தத்தோடு சேர்த்து நெடியும் வரும். நானும் பிள்ளைகளும் ஒன்றாகத் தும்முவோம். இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

கொட்டிலும் காணியும் மணவறை சோடிக்கிற ஒருவருக்குச் சொந்தம். பின்வளவில்தான் அவருடைய வீடு. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சமாதான காலத்தில் வன்னிக்குள் வருகிற பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கியபோது, அவருக்கு ரெஜிபோம் தாராளமாகக் கிடைத்தது. குளிர்ப்பெட்டி வாங்கினால் உடையாமல் இருக்கச் சுற்றி வருமே, அந்த வெள்ளைப் பொருள்தான். கம்பியைச் சூடாக்கி அதை வெண்ணெய் மாதிரி வெட்டி, தூண், தாமரை, மயில், அன்னம் என்று செதுக்கி, தங்க நிறம் பூசிவிடுவார். அந்த இரண்டு மூன்று வருடங்களில் வன்னியில் நடந்த கலியாணங்களுக்குக் கணக்கில்லை. வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளைகள் வந்து இறங்க, இவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. சந்தியில் இருந்த புடைவைக் கடையும் படம் பிடிக்கிற ஸ்டூடியோவும் அவரைக் கொண்டு கடைக்குள்ளேயே ரெஜிபோம் முகடு அடித்துக்கொண்டன. கிடுகும் தகரமும் வெளியே தெரியாமல் கொழும்புக் கடை மாதிரி ஆகிவிட்டது என்று ஊரே போய்ப் பார்த்தது.

பிறகு சண்டை தொடங்கியது, பாதை பூட்டுப்பட்டது. கலியாணங்கள் கோயிலில் பத்துப் பேரோடு தாலி கட்டுகிற அளவுக்குச் சுருங்கின. அண்ணையின் வீட்டு விறாந்தையில் தூண்களும் மயில்களும் முகட்டை முட்ட அடுக்கிக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய் வாயைக் கொடுத்தேன்.

"அண்ணை, இந்தச் சத்தத்துக்கை நான் படிப்பிக்கிறனோ, மில்லுக்காரர் படிப்பிக்கிறாரோ எண்டு பிள்ளையளுக்குத் தெரியேல்லை. உந்த வெளியை அடைச்சுத் தாங்கோ."

"பலகைக்கு இப்ப எங்க போறது ரீச்சர்? சீமெந்தும் இல்லை." அவர் விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உது சும்மாதான் கிடக்கு. சத்தத்தையும் மறிக்கும், வெக்கையையும் மறிக்கும். அடிச்சு விடட்டோ?"

"அடியுங்கோ அண்ணை. நாளைக்கே அடியுங்கோ."

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மண்சுவருக்கு மேலே தடி நட்டு, உள்பக்கம் முழுக்க ரெஜிபோம். வெளிப்பக்கம் மழை படாமல் இருக்கத் தறப்பாள். முன்னால் வீதிப் பக்கம் ஒரு வாசல், பின்னால் வளவுப் பக்கம் ஒரு வாசல். மற்றபடி நாலு பக்கமும் மூடி. வெற்றுத் துண்டுகள் போதாமல் போனதால் மணவறைப் பின்பலகைகளையே கொண்டுவந்து அடித்துவிட்டார். என் கரும்பலகைக்கு இடது பக்கம் தங்கத் தாமரை, வலது பக்கம் தோகை விரித்த மயில். முன்வாசலுக்கு மேலே நல்வரவு என்று எழுதிய வளைவு.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்று சிரித்தார்கள்.

"ரீச்சருக்கு மணவறை ரெடி. மாப்பிள்ளைதான் வரவேணும்" என்றது பின்வரிசை வாங்கு. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, கலியாணம் ஆகவில்லை, அது ஊருக்கே தெரியும். வழக்கம்போல வெண்கட்டி பறந்தது. ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. மத்தியான வெக்கை உள்ளே இறங்கவில்லை. மற்ற ரியூசன் ஆசிரியர்கள் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பொறாமையோடு போனார்கள்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சுவர் அடித்து மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை அண்ணை ஓர் உரப்பையில் போட்டு எனக்குத் தந்தார். அந்த நாட்களில் மண்ணெண்ணெய் கண்ணில் காட்டாத சாமான். வீட்டில் அம்மா ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்துபோவார். ஒருநாள் அடுப்புக்குள் ஒரு ரெஜிபோம் துண்டை வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டினேன். குப்பென்று பிடித்தது. உருகிச் சொட்டிச் சொட்டி எரிந்தது. கறுத்த புகை குசினிக் கூரைக்குப் போனது. விறகு பற்றிக்கொண்டது. "மண்ணெண்ணெயை விட இது எவ்வளவோ திறம்" என்று அம்மா மெச்சினார். அயலுக்கும் கொடுத்தோம். கொட்டிலுக்கு அருகே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்காவுக்கும் ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். "ரீச்சர், உங்கட சுவரைப் புடுங்கித் தந்தியள் எண்டால் எனக்கு ஒரு வருசத்துக்கு அடுப்பு மூட்டக் காணும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டு நான் போய் அந்தச் சுவருக்குள் முப்பத்தொரு பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தேன். மூன்று மாதம், ஒவ்வொரு விடியலும் அது எப்படி எரிகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். ஒருநாள்கூட இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. கூட்டலும் கழித்தலும் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கூட்டல் வரவில்லை. அப்போது ஆபத்து என்றால் எங்களுக்கு வானம்தான். வெளியே வந்தால் முதலில் மேலே பார்ப்போம். சுவரைப் பார்த்துப் பயப்பட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

கிபிர் விமானங்கள் அடிக்கடி வரத் தொடங்கியதும், பெற்றோர் சேர்ந்து கொட்டிலின் பின்வளவில் ஒரு பங்கர் வெட்டினார்கள். எல் வடிவத்தில் நீளமான கிடங்கு, மேலே பனங்குற்றிகள், அதற்கு மேல் மண்மூட்டை. அதன் வாயை எங்கே வைப்பது என்று கேட்டபோது, பின்வாசலுக்கு நேரே வைக்கச் சொன்னேன். ஐந்து எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பழக்கினேன். முதல்நாள் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தார்கள். திட்டித் திட்டி அதை அரை நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். உள்ளே போனதும் குப்புறப் படுக்க வேண்டும். இரண்டு பெருவிரலாலும் காதை அடைக்க வேண்டும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்க வேண்டும். நான் சொல்லும் வரை ஒருவரும் அசையக் கூடாது. வேறு பாடத்தில் எப்படியோ, இந்தப் பாடத்தில் என் வகுப்பில் எல்லோரும் அதிவிசேட சித்தி.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. மழை விட்டு வெகுநாளாகிவிட்டது, கிடுகெல்லாம் காய்ந்து முறுகிப்போய் இருந்தது. காலைப் பத்து மணியிருக்கும். நான் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, அதைத் தொட்டுக்கொண்டு போகிற தொடலிக் கோட்டைக் கீறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மில் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. டீசல் கிடைக்காததால் மில்காரர் என்னென்ன எண்ணெயையோ கலந்துதான் ஓட்டுவார். அன்றைக்கு அது நின்று நின்று போக, சூடான எஞ்சினுக்குப் பக்கத்திலேயே எண்ணெய்க் கானைச் சரித்து ஊற்றியிருக்கிறார். கான் பற்றிக்கொண்டது. பயத்தில் தூக்கி எறிந்துவிட்டார். அது எங்கள் தறப்பாளின் அடியில் வந்து விழுந்து வெடித்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது கேட்டது ஒரு 'டமார்' மட்டும்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெண்கட்டியைக் கீழே போட்டேன்.

"பங்கர்!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். ஒருவரையொருவர் தள்ளவில்லை, கொப்பியைத் தேடவில்லை, அழவில்லை. பின்வாசலால் போய், குனிந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே இறங்கினார்கள். நான் கடைசியாக இறங்கி வாயில் குந்தியிருந்து அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு கெதியாக இறங்கிவிட்டார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு திருப்தி எனக்கு.

அடுத்த சத்தம் வரவில்லை. விமானம் இரைகிற சத்தமும் இல்லை. அதற்குப் பதிலாகச் சடசடவென்று ஏதோ முறிகிற மாதிரிக் கேட்டது. மணம் ஒன்று வந்தது. அது என்ன மணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு விடியலும் எங்கள் குசினியில் மணக்கிற அதே மணம்.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். மில் பக்கச் சுவரில் தொடங்கிய நெருப்பு மூலை திரும்பிப் பின்சுவருக்கு வந்துவிட்டிருந்தது. நெருப்பு மேலேதான் ஏறும் என்று நினைத்திருந்தேன். இது பக்கவாட்டில் ஓடியது. தறப்பாள் சுருண்டு விழ, உள்ளே இருந்த ரெஜிபோம் எரிந்தபடியே சொட்டியது. அந்தச் சொட்டுகள் பங்கர் வாய்க்கு முன்னால் விழுந்து நிலத்திலும் நின்று எரிந்தன. கரும்புகை மேலே போகாமல் சரிந்து எங்கள் பக்கம் இறங்கியது. பின்வாசலுக்கு நேரே வாயை வைக்கச் சொன்னது நான். உள்ளே இறங்கச் சொன்னதும் நான்.

"எழும்புங்கோ! நெருப்பு! வெளியால ஓடுங்கோ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. இருட்டுக்குள் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. மறுபடியும் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். அசைவே இல்லை. புகை குடித்து எல்லோரும் மயங்கிவிட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அந்தக் கணத்தை எதிரிக்கும் விரும்பமாட்டேன். பிறகுதான் விளங்கியது. நான் பழக்கியபடி ஒவ்வொரு பிள்ளையும் காதுக்குள் பெருவிரலைச் செருகிக்கொண்டு, நான் சொல்லும் வரை அசையாமல் படுத்திருக்கிறது. நான் சொல்வது ஒருவருக்கும் கேட்காது.

உள்ளே தவழ்ந்தேன். முதலில் கிடைத்தவனின் கையைக் காதிலிருந்து பிடுங்கி எடுத்து, அந்தக் காதுக்குள்ளேயே கத்தினேன். "நெருப்படா! ஓடு!" அவன் துள்ளி எழும்பிக் குற்றியில் தலையை இடித்துக்கொண்டு ஓடினான். அடுத்தவளின் கை. அடுத்தவனின் கை. கொஞ்சப் பேர் விடமாட்டோம் என்று கையை இறுக்கினார்கள். பயத்தில் அவர்களுக்கு அது யாருடைய கை என்று தெரியவில்லை. ஒருத்தி என் விரலைக் கடித்தும் விட்டாள். கிடங்கின் வளைவுக்கு அங்கால் இரண்டு பெண் பிள்ளைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தார்கள். இரண்டு பேரையும் பின்னல் மயிரில் பிடித்து இழுத்தேன். அதற்காக நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெளியே ஓடினவர்கள் எப்படி அந்தச் சொட்டுகளைத் தாண்டினார்கள் என்று பிறகுதான் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை அக்கா சாக்குகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி எடுத்துவந்து, பங்கர் வாயிலிருந்து வளவு வேலி வரைக்கும் பாய் விரிப்பது மாதிரி நிலத்தில் விரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அதன் மேலே ஓடினார்கள். அண்ணை தேங்காய் ஆய்கிற கொக்கைத்தடியோடு நின்று, எரிகிற பின்பலகைகளைக் கொளுவிக் கொளுவி இழுத்து மற்றப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தான் செதுக்கின தாமரையும் மயிலும் அவர் தடியிலேயே எரிந்து விழுந்தன. வாயெல்லாம் என்னென்னவோ தூஷணம். அன்றைக்கு அது எனக்குத் தேவாரம் மாதிரிக் கேட்டது.

வீதியில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணினேன். முப்பது. மறுபடி எண்ணினேன். முப்பது. கூட்டத்துக்குள் யாராவது கலந்து நிற்கிறார்களா என்று இன்னொரு தரம் எண்ணினேன். அதே முப்பது. அன்றைக்கு முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள், வரவு எடுத்தது நான்தான்.

"ஆரடா இல்லை? பாருங்கோ, ஆர் இல்லை?"

ஒரு பெயரைச் சொன்னார்கள். இரண்டாம் வாங்கில் கரையில் இருக்கிற பிள்ளை, அதிகம் கதைக்காத பிள்ளை. நான் திரும்ப ஓடினேன். அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது தெரியும், தலைப்பு கிழிந்ததும் தெரியும். பங்கருக்குள் இப்போது ஒன்றும் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, நிலத்தைக் கையால் தடவித் தடவி, வளைவு வரைக்கும் போய் மூலை மூலையாகத் தேடினேன். ஒரு செருப்பு அகப்பட்டது. வேறொன்றும் இல்லை. வெளியே வந்து ஈரச்சாக்கில் விழுந்து இருமினேன். இன்னொரு தரம் போகலாம் என்று எழும்பினேன். அவளுடைய தாய்க்கு முன்னால் போய் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

அப்போது தேத்தண்ணிக் கடைக் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவள்தான்.

"என்ன ரீச்சர், உங்களுக்கு ஏதும் பட்டிட்டுதோ?" என்று வாளியோடு ஓடிவந்தாள்.

"நீ எங்கயடி போனனீ?"

"தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு கேட்டனான் ரீச்சர். நீங்கள்தான் ஓம், கெதியா வா எண்டு விட்டனீங்கள்."

உண்மைதான். தொடலி கீறுவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிப் பார்க்காமலே ஓம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்த கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, வீதி முழுக்க ஆட்கள் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை. அவளுக்கு ஏன் அடி விழுந்தது, ஏன் கொஞ்சுகிறேன் என்று ஒன்றும் புரியாமல் ஈர வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

கொட்டில் எரிந்து முடிய அதிக நேரம் எடுக்கவில்லை. அந்தத் தொடலிக் கணக்கை நான் ஒழுங்காகச் செய்து முடித்திருந்தால் அதற்கு அதைவிட நேரம் எடுத்திருக்கும். தீயணைக்கிற வாகனம் என்று ஒன்றை நாங்கள் அங்கே கண்டதில்லை. கடைக்காரர்கள் மில்லின் கூரைக் கிடுகையும் தேத்தண்ணிக் கடைக் கிடுகையும் பிடுங்கி எறிந்து, நெருப்பு தாவாமல் மறித்துவிட்டார்கள். மில்காரருக்குப் புருவமும் முன்மயிரும் பொசுங்கியதோடு சரி. அவர் வீதியோரம் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளைகளுக்கு முழங்கையில் உரசல், ஒருவனுக்கு மண்டையில் வீக்கம், அண்ணையின் கையில் சூட்டுக் கொப்புளம், என் விரலில் ஒரு கடி. அவ்வளவுதான். அதை நான் எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அவ்வளவுதான், அவ்வளவுதான்.

மத்தியானம் அண்ணை கைக்கு மருந்துகூடப் போடாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனார். புடைவைக் கடைக்குள் நேரே போய், தான் அடித்த ரெஜிபோம் முகட்டைத் தானே பிடுங்கத் தொடங்கிவிட்டார். கடை முதலாளி பதறிப்போய், "அண்ணை, கடையின்ரை வடிவே போகுது" என்று ஏணியைப் பிடித்திருக்கிறார்.

"வடிவு போகட்டும். நீ ஏணியை ஆட்டாமல் பிடி" என்றாராம் அண்ணை. பின்னேரத்துக்குள் ஸ்டூடியோ முகடும் இறங்கிவிட்டது. இறக்கியதையெல்லாம் வெறும் வளவில் கிடங்கு வெட்டித் தாட்டார். அடுப்பு மூட்டத் தாருங்கள் என்று கேட்டுவந்த ஒருவருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நாலு மணிபோல் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். சிலர் சைக்கிளில், சிலர் வயலில் நின்ற சேற்றுக் காலோடு. பிள்ளைகள் ஏற்கனவே வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வந்து சாம்பலைப் பார்த்தார்கள், பங்கர் வாயைப் பார்த்தார்கள். பனங்குற்றிகளின் நுனி கருகியிருந்தது. எரிந்த கொட்டிலுக்கும் பங்கர் வாய்க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஒரு தகப்பன் நடந்து பார்த்தார்.

நானே முன்னால் போய் நின்றேன்.

"ரெஜிபோம் அடிக்கச் சொல்லிக் கேட்டது நான்தான். அண்ணையில பிழை இல்லை. சத்தம் கேட்டவுடன பிள்ளையளைப் பங்கருக்குள்ள இறக்கினதும் நான்தான். திரும்பிப் பாத்திருந்தால் நெருப்பெண்டு தெரிஞ்சிருக்கும். நான் பாக்கேல்லை. உங்கட பிள்ளையளை நான்தான் நெருப்புக்குப் பக்கத்தில கொண்டுபோய்ப் படுக்க வைச்சனான்."

யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. தூரம் அளந்த தகப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "வெடிச்சத்தம் கேட்டால் நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன் ரீச்சர். இஞ்ச ஆர்தான் திரும்பிப் பாக்கிறது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டு நின்றது அந்த ஒரு தாயை. கிணற்றடியில் நின்றவளின் தாய். ஒரு மணி நேரமாக வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றவர், எல்லோரும் பேசி முடிந்த பிறகு மெதுவாக என்னிடம் வந்தார். பக்கத்தில் வந்து என் கிழிந்த சேலைத் தலைப்பைப் பார்த்தார். எடுத்து, கிழிந்த இடம் தெரியாமல் மடித்து, என் இடுப்பில் செருகிவிட்டார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு ரீச்சர் வகுப்பு?" என்று கேட்டார்.

எங்கே வைப்பது, வாங்கு இல்லை, பலகை இல்லை, கூரை இல்லை. அதையெல்லாம் அவர் கேட்கவில்லை. தன் பிள்ளையை எத்தனை மணிக்கு என்னிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்.

"எட்டு மணிக்கு" என்றேன்.

"அப்ப எட்டரைக்கு அவள் வந்தால் ஏசாதேங்கோ. மாடு கறந்து போட்டுத்தான் வருவாள்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.